நர்ஸிங் முடிச்சாச்சு... ரெஸ்யூம்ல என்ன எழுதுறது?

‘எனக்குத்தான் அனுபவமே இல்லையே... ரெஸ்யூம்ல என்ன எழுதுறது?’ நர்ஸிங் முடித்த கையோடு வேலை தேடும் பலருக்கும் வரும் கவலை இது. தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் பக்கம் படித்தவர் என்றால், உங்களிடம் அனுபவம் இருக்கிறது. எழுதத்தான் மறந்துவிடுகிறீர்கள்!

வயல் வேலை நடக்கும் டெல்டாவில் பாம்புக்கடியும் பூச்சிமருந்து விஷமும் புதிதல்ல. பாம்புக்கடியுடன் வந்தவரின் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடங்கள் வைத்து, உறைகிறதா என்று பார்த்திருப்பீர்கள். விஷமுறிவு மருந்து ஏறும்போது அரிப்பு, மூச்சுத்திணறல் வருகிறதா என்று பக்கத்திலேயே நின்று கவனித்திருப்பீர்கள். இதெல்லாம் அனுபவம்தானே? ஆனால், ரெஸ்யூமில் இருப்பதோ, ‘ஹார்டு ஒர்க்கிங், சின்சியர்’ மட்டும்!

சரி, எப்படி எழுதலாம்?

1. பெயர், மொபைல் எண், படிப்பு, முடித்த ஆண்டு. அதற்கு அடுத்த வரியிலேயே தமிழ்நாடு நர்ஸிங் கவுன்சில் பதிவு எண். இன்னும் வரவில்லையென்றால், விண்ணப்பித்த தேதி.

2. போஸ்டிங் விவரம். தஞ்சை மருத்துவக்கல்லூரி மருத்துவமனையோ, ராசா மிராசுதார் மருத்துவமனையோ... எந்த வார்டு, எத்தனை வாரம் என்று எழுதுங்கள்.

3. செய்த வேலைகளை மூன்றாகப் பிரியுங்கள்: தனியாகச் செய்தவை, மேற்பார்வையில் செய்தவை, பார்த்தவை.

4. பி.எல்.எஸ் போன்ற பயிற்சிச் சான்றிதழ் இருந்தால், அது எதுவரை செல்லும் என்ற தேதியும் வேண்டும்.

5. மதம், சாதி, அப்பாவின் தொழில் தேவையில்லை. நோயாளியின் பெயர் எங்கேயும் வரக்கூடாது.

மூன்றாவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பார்த்ததை ‘செய்தேன்’ என்று எழுத ஆசை வரும். அந்த ஒரு வரியை நம்பித்தான் நாளை உங்களை நைட் டியூட்டியில் தனியாக நிறுத்துவார்கள். கட்டிலில் கிடப்பவர் யாரோ ஒருவரின் அம்மா. ‘பார்த்திருக்கிறேன், கற்றுக்கொள்ளத் தயார்’ என்று எழுதுவதில் குறைவொன்றும் இல்லை.

கல்யாணம், குழந்தை என்று ஓர் ஆண்டு இடைவெளி விழுந்ததா? மறைக்காதீர்கள். ஒரே வரியில் சொல்லிவிட்டு, அதன்பிறகு எடுத்த பயிற்சி ஏதும் இருந்தால் சேருங்கள்.

இந்த ரெஸ்யூம் தனியார் மருத்துவமனைகளுக்கு. அரசு வேலைக்கு எம்.ஆர்.பி அறிவிப்பைப் பார்த்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும். வெளிநாட்டுக் கனவு இருந்தால், ஏஜென்டிடம் பணம் கட்டும் முன்பு தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் அறிவிப்புகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு. பி.டி.எஃப் ஆக்கி, ஃபைலுக்கு உங்கள் பெயரையே வையுங்கள்.

முதல் வேலையாக, பீரோவில் கிடக்கும் ப்ரொசீஜர் ரெக்கார்டை வெளியே எடுங்கள். உங்கள் ரெஸ்யூமில் பாதி அதில்தான் இருக்கிறது!