யோக்கியன் வருகிறான்!

ஆபீஸில் தகராறு என்றால் கத்துகிறவனைத்தான் முதலில் கூப்பிட்டு விசாரிப்பார்கள். மூட்டிவிட்டவர் பக்கத்து ஸீட்டில் சாவதானமாக டீ குடித்துக்கொண்டிருப்பார். ரயில்களிலும் இந்த ரகம் உண்டு என்பது சிங்கப்பூர் சமாசாரம் ஒன்றைப் படித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அங்கே சர்க்கிள் லைன் என்று ஒரு மெட்ரோ. டிரைவர் கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர். ரயில் ஒயர்லெஸ்ஸில் ஓயாமல் பேசிக்கொண்டே போகும். பேச்சு அறுந்தால் 'எதுக்கு வம்பு' என்று தானே பிரேக் போட்டு நின்றுவிடும். பத்திரமான ஏற்பாடுதான். ஆனால் 2016 ஆகஸ்ட் கடைசியில் ரயில்கள் கண்ட இடத்தில் நிற்க ஆரம்பித்தன. கொஞ்ச நாளில் ஓய்ந்தது. நவம்பரில் மறுபடி! இப்போது இந்த ரயில், அடுத்து வேறொன்று. ஒன்பது மணிக்கு ஆபீஸில் இருக்க வேண்டியவன் சுரங்கத்துக்குள் நின்றால் அவன் பாடு என்ன, யோசியுங்கள். செல்போன் சிக்னலைக்கூட நிறுத்திப் பார்த்தார்கள். ம்ஹூம்.

நவம்பர் 5, சனிக்கிழமை. எந்த ரயில், எங்கே, எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் போகும்போது நின்றது என்ற பட்டியல், அரசாங்கத்தின் டேட்டா விஞ்ஞானிகள் மூன்று பேர் கைக்கு வந்தது. நேரத்தை வைத்துப் பார்த்தார்கள், இடத்தை வைத்துப் பார்த்தார்கள், ரயில் நம்பரை வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் தேறவில்லை. பிறகு ஒரு பழைய வித்தையை எடுத்தார்கள். மாரே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 19-ம் நூற்றாண்டிலேயே புத்தகத்தில் போட்ட படம் அது. ஒரு பக்கம் நேரம், ஒரு பக்கம் ஸ்டேஷன். ஓடும் ரயில் சாய்ந்த கோடாகத் தெரியும்.

நின்ற ரயில்களைப் புள்ளி புள்ளியாக வைத்ததும் விஷயம் வெளிவந்தது. ஒரு ரயில் நின்றால், சற்று நேரத்தில் அதன் பின்னால் அதே திசையில் வருவதும் நிற்கிறது. அதாவது, எதிர்த்திசையில் ஏதோ ஒன்று போகிறது. போகிற வழியில் எதிர்ப்படுகிறவர்களை எல்லாம் மடக்குகிறது. அது இன்னொரு ரயிலாக இருந்தால்? தனக்குக் கோளாறு வராததால் பட்டியலிலேயே அதன் பெயர் இருக்காது!

டெப்போவுக்குப் போய் வீடியோ பதிவுகளைப் பார்த்தார்கள். சம்பவம் நடந்தபோதெல்லாம் எதிர்ப் பக்கம் போனவர், திருவாளர் பி.வி. 46. (இனிஷியலைப் பார்த்தால் நம்ம ஹெட்கிளார்க் மாதிரி இல்லை?) மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அதை ஓட்டிப் பார்த்தார்கள். சுற்றியிருந்த ரயில்களின் சிக்னல் போயிற்று. அதன் சிக்னல் கருவியில் கோளாறு. ஆகஸ்ட் முதல் நடந்ததில் 95 சதவிகிதத்துக்கு மேல் இந்த ஒருவர் உபயம்!

இதில் எனக்குப் பிடித்தது, நின்றுபோன ரயில்கள் மேல் பழி விழாமல் தப்பித்ததுதான். பாவம், அவை விதிப்படி பிரேக் போட்டன, அவ்வளவுதான்.

'யோக்கியன் வர்றான், சொம்பைத் தூக்கி உள்ளே வை' என்று நம் பாட்டிகள் சொன்னார்கள். உங்கள் செக்ஷனில் மாசாமாசம் ஸ்டேட்மென்ட் லேட்டாகிறதா? லேட்டானவர்கள் பட்டியலைக் கொஞ்சம் மூடி வையுங்கள். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் போனவர் யார் என்று ஒரு பேப்பரில் கோடு போட்டுப் பாருங்கள்.