பொன்னாடை யாருக்கு?

பீடோர் போன்ற சிற்றூர்களிலும், ரப்பர்த் தோட்டப் பாட்டாளிகள் வியர்வை சிந்தி எழுப்பிய ஆலயங்களிலும் திருவிழாதோறும் திருப்பணிக்குப் பொருள் ஈந்தோரும் பிரமுகர்களும் பொன்னாடை போர்த்திச் சிறப்பிக்கப்படுகின்றனர். அது தக்கதே. ஆயின், அவ்வாலயத்தில் அச்சமின்றி வழிபடும் உரிமையைக் காத்து நின்றோருக்கு அம்மேடையில் இடம் உண்டா?

அத்தகையோரை அயல்நாடு போற்றியதுண்டு. சிரம்பானில் பிறந்து, 2007 முதல் 2009 வரை மலேசிய வழக்கறிஞர் மன்றத் தலைவராக விளங்கிய டத்தோ அம்பிகா சீனிவாசனுக்கு, துணிவுமிக்க பெண்மணிகளுக்கான அனைத்துலக விருதை 2009 மார்ச்சில் அமெரிக்க வெளியுறவு அமைச்சு வழங்கியது. நீதித்துறைச் சீர்திருத்தம், பெண் சமத்துவம் ஆகியவற்றோடு சமயச் சகிப்புத்தன்மைக்காக அவர் குரல் கொடுத்ததும் அதற்குக் காரணமாயிற்று.

அதற்கடுத்த மாதமே ஈப்போவில் வேறொரு பெண்மணியின் போராட்டம் தொடங்கியது. பாலர் பள்ளி ஆசிரியை எம். இந்திரா காந்தியின் மூன்று பிள்ளைகளும், இஸ்லாத்தைத் தழுவிய கணவரால் தாயின் இசைவின்றி மதமாற்றம் செய்யப்பட்டனர். 11 மாதக் கைக்குழந்தையும் பிரிக்கப்பட்டது. வழக்கறிஞர் எம். குலசேகரன் முதலியோர் அத்தாய்க்குத் துணை நின்றனர். 2013இல் ஈப்போ உயர் நீதிமன்ற நீதிபதி லீ சுவீ செங் அம்மதமாற்றம் செல்லாது என்றார். 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. 2018 ஜனவரி 29இல் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, பெற்றோர் இருவரின் இசைவும் வேண்டும் என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சைனுன் அலி.

ஓர் இந்துத் தாயின் உரிமையை உறுதிசெய்த அவ்விரு நீதிபதிகளும் இந்துக்கள் அல்லர் என்பதைப் பக்தப் பெருமக்கள் மனங்கொள்ள வேண்டும். அங்ஙனமாயின், அண்டையிலுள்ள சீனக் கோயிலுக்கோ தேவாலயத்திற்கோ இடர் நேருங்கால், இந்துக்கள் மட்டும் வாளாவிருத்தல் தகுமா?

ஆலய நிர்வாகங்கள் ஆண்டுதோறும் ஒரு பொன்னாடையை இத்தகையோருக்கென ஒதுக்குதல் வேண்டும். நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிய தாய், கட்டணம் கருதாத வழக்கறிஞர், தோட்டம் துண்டாடப்பட்டபோது ஆலய நிலத்திற்குப் பட்டா கேட்டு அலைந்த பெரியவர், பிறர் வழிபாட்டுக்காகப் பரிந்து பேசிய மாற்றுச் சமயத்தவர் என அதற்குரியோர் பலர்.

பொன்னாடையால் பயன் என்ன எனச் சிலர் வினவலாம். தீர்ப்புக்குப் பின்னரும் கடைக்குட்டி மகளுக்கான அத்தாயின் காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீண்டது. பொன்னாடை பிள்ளையை மீட்டுத் தராதுதான். ஆயினும், அன்னையின் சந்நிதியில் ஊரார் கூடிப் போர்த்தும்போது, தாம் தனித்து விடப்படவில்லை என்பதை அவர் அறிவார். அந்த உறுதியை அளிப்பதும் ஆலயத் திருப்பணியே ஆகும்.