தலையை எண்ணித் தரும் மானியம்

முப்பது பிள்ளைகள் வரை படிக்கும் அரசுப் பள்ளிக்கு ஆண்டு மானியம் 10,000 ரூபாய். முப்பத்தோராவது பிள்ளை வந்து சேர்ந்தால் 25,000. நூறைத் தாண்டினால் 50,000. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கணக்கு இது. இதிலும் பத்தில் ஒரு பங்கையாவது தூய்மைப் பணிக்கு ஒதுக்கியாக வேண்டும்.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். ஈராசிரியர் பள்ளி, முப்பதுக்கும் குறைவான பிள்ளைகள். ஆனால் பெரிய பள்ளிகளைப் போலவே எங்களுக்கும் தண்ணீர் மோட்டார் உண்டு, கழிப்பறை உண்டு, கூரை உண்டு. மோட்டாரில் காயில் கருகிவிட்டால், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுவிட்டா மெக்கானிக் கூலி சொல்வார்? காயில் கட்டி மாட்டிய பிறகு மிஞ்சுவதில்தான் சாக்பீஸ், பதிவேடு, பினாயில், பிளீச்சிங் பவுடர், கல்வித்துறையின் எமிஸ் இணையதளத்தில் விவரம் ஏற்ற நெட் ரீசார்ஜ் எல்லாம். பள்ளி ஜூனில் திறக்கும். பணம் அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது வரும். அதுவரை கடையில் என் பேரில் கடன். வந்த பிறகோ, மார்ச் 31க்குள் செலவழித்து பில் ஏற்றச் சொல்லித் தினம் ஒரு போன்.

இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது என்பது தனிக்கதை. ஆசிரியருக்கு வட்டாரக் கல்வி அலுவலர். கட்டடத்துக்கு ஒன்றிய அலுவலகம். சத்துணவுக்கு வேறு துறை. சுவரில் விரிசல் என்று கல்வி அலுவலகத்தில் மனு கொடுத்தால் ஒன்றியத்தில் கேளுங்கள் என்பார்கள். அங்கே போனால், உங்கள் துறை வழியாக வரட்டும் என்பார்கள்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இதற்கு ஒரு வழி சொல்லியிருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். அந்தக் குழு பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்க வேண்டும்; அரசு தரும் மானியத்துக்கு அத்திட்டமே அடிப்படை என்கிறது 22ஆம் பிரிவு. நடப்பு என்ன? தலைவியாக இருக்கும் தாய் நூறு நாள் வேலையின் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வருகிறார். கழிப்பறைக் கதவு, குடிநீர்க் குழாய் என்று தீர்மானம் போடுகிறார்கள். அது செயலியில் ஏறுகிறது. மானியம் மட்டும் பழையபடி தலையை எண்ணித்தான் வருகிறது. திட்டம் போட்டதற்கும் தொகைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அந்தத் தொகைக்கும் இப்போது தகராறு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு அறுபது விழுக்காடு, மாநிலத்தின் பங்கு நாற்பது. மத்திய அரசின் இன்னொரு பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்று 2024-25க்கான 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்தது டெல்லி. 2025இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றம் போனது. மாநிலத்தின் பக்கம்தான் நியாயம் என்பேன். ஒரு திட்டத்தின் பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு இன்னொன்றில் கையெழுத்து கேட்பது அடாவடி. ஆனால் வழக்கு முடியும்வரை பினாயில் வாங்காமல் இருக்க முடியாதே.

நன்கொடை இருக்கிறதே என்பார்கள். காமராஜர் ஆட்சியில் கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரே அள்ளிக் கொடுத்தது உண்மை. இன்று ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்ற நன்கொடைத் திட்டம் இருக்கிறது. நல்லதுதான். ஸ்மார்ட் டி.வி. தருவதற்கு ஆள் கிடைக்கும், பெயரும் எழுதிக்கொள்ளலாம். பிளீச்சிங் பவுடர் மூட்டைக்கு உபயதாரர் யார் வருவார்?

பிள்ளைகள் எத்தனை பேராக இருந்தாலும், கட்டடம் என்று ஒன்று இருந்தால் அதைப் பராமரிக்க ஓர் அடிப்படைத் தொகையை மாநில அரசு தன் பட்ஜெட்டிலிருந்தே தர வேண்டும். தலைக்கணக்கு மானியம் அதற்கு மேல் வரட்டும். ஜூன் முதல் வாரத்திலேயே குழுவின் கணக்கில் அது இருக்க வேண்டும். எதற்குச் செலவழிப்பது என்பதைக் குழு முடிவு செய்யட்டும். வரவு செலவைப் பள்ளிச் சுவரிலேயே எழுதிப் போடட்டும்.