அண்டாவுக்குள் ஒரு கடற்சண்டை

வத்திராயிருப்பில் உட்கார்ந்துகொண்டு கடற்சண்டைக் கதை சொல்வதென்றால் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். மேற்கே பார்த்தால் மலை. மற்றத் திக்கெல்லாம் வயலும் தென்னந்தோப்பும். கண்மாயைத் தவிர வேறு சமுத்திரத்தை எங்கள் ஊர் அறியாது. ஆனால் கோடை விடுமுறைக்கு வந்த குழந்தைகளிடம் இந்த நியாயமெல்லாம் எடுபடுமா?

"கப்பல் சண்டைக் கதை சொல்லுங்க பெரியம்மா!" என்று மூன்று வாண்டுகளும் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டன.

முற்றத்தில் அத்தையின் பெரிய பித்தளை அண்டா நிறையத் தண்ணீர் இருந்தது. அதுதான் வங்காள விரிகுடா என்று தீர்மானமாயிற்று. காகிதத்தில் 33 கப்பல்கள் செய்தோம். இங்கிலீஷ்காரருக்கு 18, பிரெஞ்சுக்காரருக்கு 15. கடல் சற்று நெருக்கடியாகத்தான் போயிற்று! இங்கிலீஷ் தளபதியின் பெயர் ஹியூஸ். பிரெஞ்சுத் தளபதியின் பெயர் சுஃப்ரேன். சுஃப்ரேன் நல்ல பருமனான மனிதர். ஆகையால் அவர் கப்பலில் ஒரு பெரிய புளியங்கொட்டையை ஏற்றினோம்.

1782ஆம் வருஷம் பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால் ஆரம்பித்த சண்டை அது. அந்த வருஷத்திலேயே நான்கு தடவை மோதிக்கொண்டார்கள். எல்லாம் பாய்மரக் கப்பல்கள். காற்று யார் பக்கமோ, அவர் கை ஓங்கும். ஜூலை 6ந் தேதி நாகப்பட்டினத்துக்கு எதிரே பீரங்கிகள் முழங்கிக்கொண்டிருக்கையில் காற்று திடீரென்று திசை மாறியது. சந்தையில் கயிற்றை அறுத்துக்கொண்ட மாடுகளைப் போல இரண்டு பக்கத்துக் கப்பல்களும் வரிசை கலைந்தன. பெரியவன் பனையோலை விசிறியை எடுத்துக்கொண்டு வாயு பகவானாகிவிட்டான்.

"யார் ஜெயிச்சாங்க?"

"ஒருவருமில்லை. அதனால்தான் 1783ஆம் வருஷம் ஜூன் 20ந் தேதி, கடலூருக்கு எதிரே ஐந்தாவது சண்டையும் நடந்தது. இரண்டு பக்கமும் சேர்ந்து இருநூறு பேர் வரையில் இறந்துபோனார்கள். ஒன்பது நாள் கழித்து, வெள்ளைக் கொடியுடன் ஒரு கப்பல் வந்து சேர்ந்தது. என்ன சேதி தெரியுமா? ஜனவரி 20ந் தேதியே வெர்சேல்ஸ் நகரில் சமாதானத்துக்குக் கையெழுத்தாகிவிட்டதாம்!"

சின்னவள் விரல்விட்டு எண்ணினாள். "அஞ்சு மாசம்! அப்போ அவங்க எல்லாம் எதுக்குச் செத்தாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. திண்ணையோரம் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அத்தைதான் வாய் திறந்தாள்.

"சேதி கொண்டுவந்தவனைச் சொல்லணும். வழியிலே எங்கே படுத்துத் தூங்கினானோ!"

எனக்குச் சுருக்கென்றது.

தை மாதம் ராஜபாளையத்தில் ஒரு கல்யாணம். சின்ன அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்டாவை அக்காவே வச்சுக்கட்டும். எனக்கு அவளைப் பார்த்தாப் போதும்னு சொல்லு" என்றாள். ஆம், இதே அண்டாதான்! பாட்டி காலமானபின் பாத்திரம் பங்கு பிரித்ததில் மூண்ட சண்டை. பதினொரு வருஷமாக அக்காவுக்கும் தங்கைக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

சமயம் பார்த்துச் சொல்லலாம் என்றிருந்தேன். அத்தையின் கோபத்துக்குப் பயம் வேறு. தை போய் வைகாசியும் வந்துவிட்டது. கையில் செல்போனை வைத்துக்கொண்டு, பாய்மரக் கப்பலைவிட மெதுவாக வந்திருக்கிறேன்!

அப்போதே சொல்லிவிட்டேன். அத்தை வெகு நேரம் பேசவில்லை. பிறகு அரிவாள்மணையைச் சாய்த்து வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏண்டி, இதை இத்தனை நாளா வயித்துக்குள்ளேயா வச்சிருந்தே? போனைப் போடு."

மறுமுனையில் குரல் கேட்டதும் அத்தைக்குத் தொண்டை அடைத்தது. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள். சற்றுப் பொறுத்து, "ஞாயித்துக்கிழமை வா. அந்த அண்டாவை நீயே எடுத்துட்டுப் போ" என்றாள்.

"ஐயோ! அப்போ எங்க கடல்?" என்று அலறினான் பெரியவன்.

சகோதரிகளே, உங்களிடமும் யாராவது ஒரு சமாதானச் சேதியைக் கொடுத்து வைத்திருக்கிறார்களா? நல்ல காற்றுக்காகக் காத்திருக்காதீர்கள். இன்றே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.