சீருடைக்குச் சாதி இல்லையா?

“யூனிஃபார்ம் போட்டவங்களுக்கு ஏதுங்க சாதி?”

2021 சட்டமன்றத் தேர்தல் சமயத்தில் அரவக்குறிச்சிப் பக்கம் ஒரு டீக்கடையில் கேட்டது இது. சொன்னவர் கட்சிக்காரர் இல்லை. தறி ஓட்டுகிற, ஐம்பதைத் தாண்டிய ஒருவர். பாஜக வேட்பாளர் அண்ணாமலையைப் பற்றித்தான் பேச்சு. கர்நாடகத்தில் ஐபிஎஸ் அதிகாரியாக இருந்து, 2019இல் வேலையை விட்டு, 2020 ஆகஸ்டில் கட்சியில் சேர்ந்தவர். சேர்ந்து ஓராண்டு ஆவதற்குள் வேட்பாளர். அவருடைய கொள்கை என்ன, வேளாண் சட்டங்கள் பற்றி என்ன சொல்கிறார் என்பதெல்லாம் அந்தப் பேச்சில் வரவே இல்லை. ‘சிங்கம்’ என்ற ஒரு சொல் வந்தது. காக்கி வந்தது. அவர் திமுகவின் இளங்கோவிடம் தோற்றார். 2024இல் கோவை மக்களவைத் தொகுதியில் 1,18,068 வாக்குகள் வித்தியாசத்தில் மீண்டும் தோற்றார். ஆனாலும் அந்த டீக்கடை வாக்கியம் தோற்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போலீஸ் வேறு, ராணுவம் வேறு என்று சிலர் சொல்லலாம். சரிதான். ஆனால் வாக்காளர் முன் விரிக்கப்படும் சரக்கு ஒன்றுதான்: இவர் அரசியல்வாதி அல்ல, கறை படியாதவர், கட்டுப்பாடானவர், தேசத்தைத் தவிர வேறு பற்று இல்லாதவர். அசல் ராணுவ உதாரணம் வேண்டுமென்றால் ராஜஸ்தானுக்குப் போகலாம். கர்னலாக ஓய்வு பெற்ற, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற ராஜ்யவர்தன் சிங் ராத்தோரை, மக்களவை உறுப்பினராக இருந்தபோதே 2023இல் ஜோத்வாரா சட்டமன்றத் தொகுதியில் பாஜக நிறுத்தியது. வென்றார், அந்த மாதமே அமைச்சரும் ஆனார். சீருடை எப்போதும் வெல்லும் என்றும் இல்லை. முன்னாள் தரைப்படைத் தளபதி ஜே.ஜே. சிங் 2017இல் அகாலி தளம் சார்பில் பாட்டியாலாவில் நின்று தோற்றார். உத்தரகாண்டில் கர்னல் அஜய் கோத்தியால் 2022இல் ஆம் ஆத்மியின் முதல்வர் வேட்பாளராகத் தோற்று, சில மாதங்களிலேயே பாஜகவுக்குப் போனார். (நம்மூரில் ‘கேப்டன்’ என்றால் ஒரு சினிமாப் படத்தின் வழியாக வந்த பட்டம். அந்த அளவில் தமிழ்நாடு கொஞ்சம் தப்பித்தது.)

ஓய்வு பெற்ற சிப்பாய்க்கு அரசியலில் நிற்க உரிமை உண்டு. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. பணியில் இருக்கும்வரை அரசியல் கூடாது என்பதுதான் ராணுவ விதி. வெளியே வந்தபின் அவர் குடிமகன். ஆனால் குடிமகனாக வருகிறாரா, சீருடையாகவே வருகிறாரா என்பதுதான் கேள்வி. 2019இல் புல்வாமா, பாலாகோட்டுக்குப் பிறகு, படைவீரர்களின் படங்களைப் பிரச்சாரத்தில் பயன்படுத்தாதீர்கள் என்று தேர்தல் ஆணையம் கட்சிகளுக்கு எழுதியது. அடுத்த மாதமே லாத்தூரில் பிரதமர், முதல்முறை வாக்களிக்கும் இளைஞர்களிடம் உங்கள் வாக்கைப் புல்வாமா வீரர்களுக்கு அர்ப்பணிக்க மாட்டீர்களா என்று கேட்டார். 2023 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு ராணுவ வீரர், ஆளுங்கட்சிக் கவுன்சிலர் உள்ளிட்டோரால் தாக்கப்பட்டு இறந்தார். கொடுமையான சாவு அது. அதைக் கண்டித்துச் சென்னையில் பாஜக நடத்திய போராட்டத்தில் ஓய்வு பெற்ற கர்னல் ஒருவர், எங்களுக்குச் சுடவும் தெரியும், குண்டு வீசவும் தெரியும், சீண்டாதீர்கள் என்ற பொருளில் பேசினார். வழக்கும் பதிவானது. நாட்டின் எல்லையில் கற்ற தொழிலை உள்ளூர் அரசியல் மேடையில் மிரட்டலாக நீட்டுவதற்கு என்ன பெயர் வைப்பது?

இப்போது அந்த டீக்கடை வாக்கியத்துக்கு வருவோம். ராணுவத்தில் சாதி இல்லையா? ராஜ்புத் ரெஜிமென்ட் இருக்கிறது, ஜாட் ரெஜிமென்ட் இருக்கிறது, டோக்ரா ரெஜிமென்ட் இருக்கிறது. குடியரசுத் தலைவரின் மெய்க்காப்புப் படைக்கு ஜாட் சீக்கியர், இந்து ஜாட், இந்து ராஜ்புத் ஆகியோரைத்தான் எடுக்கிறோம் என்று ராணுவமே நீதிமன்றத்தில் சொன்னது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் படையில் இடஒதுக்கீடு கிடையாது.

பழைய கதை இன்னும் கசப்பானது. கம்பெனியின் மதராஸ் படையிலும், ‘தம்பிகள்’ என்று அழைக்கப்பட்ட மதராஸ் சாப்பர்ஸ் படையிலும் பறையர்கள் திரளாக இருந்தார்கள். பம்பாய்ப் படையில் மகர்கள் இருந்தார்கள். 1818 ஜனவரி 1 பீமா கோரேகானை நாம் நினைவுகூர்வது இதனால்தான். பிறகு ‘போர்க்குலம்’ என்றொரு கோட்பாட்டைப் பிரிட்டிஷார் கொண்டுவந்தார்கள். தெற்கத்தியாருக்கும் தீண்டப்படாதாருக்கும் சண்டை போடும் ரத்தம் இல்லையாம். 1890களில் மகர்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. அப்போது கைக்குழந்தையாக இருந்தார் அம்பேத்கர். ராணுவ முகாமான மாவ்வில், ஒரு சுபேதாரின் மகனாகப் பிறந்தவர். படையில் கிடைத்த கல்வியும் சம்பளமும் அந்தக் குடும்பத்துக்கு என்ன செய்தது என்பது அவருக்குத் தெரியும். 1941இல் மகர் ரெஜிமென்ட் உருவானதற்குப் பின்னால் அவருடைய அழுத்தம் உண்டு. ஆகவே சீருடையைக் கண்டால் முகம் சுளிப்பது நம் மரபு அல்ல. ஒரு தலித் குடும்பத்துக்குச் சீருடை என்பது முதல் மாதச் சம்பளம், முதல் ஓட்டு வீடு, முதல் பள்ளிக்கூடம்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். என் தாய்மாமா ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். தாராபுரம் பக்கத்துக் கிராமம். அருந்ததியர் தெரு, வீட்டுக்குள் தெலுங்கு. படையில் பதினேழு ஆண்டுகள். வட இந்தியச் சிப்பாய்கள் அவரை ‘சாப்’ என்பார்களாம். லீவில் ஊருக்கு வந்தால் பத்தாவது படிக்கிற பையன் சைக்கிளில் இருந்து இறங்காமலே பேர் சொல்லி, “எப்படா வந்தே?” என்பான். மாமா “இப்பத்தானுங்க சாமி” என்பார். ஒரு தேர்தலில், எந்தக் கட்சி என்பது வேண்டாம், முன்னாள் படைவீரர்களை மேடையில் உட்கார வைக்கிறோம், பதக்கத்தோடு வாருங்கள் என்று அழைத்தார்கள். போனார். இரண்டாவது வரிசையில் நாற்காலி. சால்வை போட்டார்கள், படம் எடுத்தார்கள். திரும்பும்போது ஜீப் ஊர் முக்கிலேயே நின்றுவிட்டது. தெருவுக்குள் வண்டி வராதாம்.

இதைச் சொல்லிவிட்டு மாமா சிரித்தார். “அங்க கட்டுப்பாடு, இங்கயும் கட்டுப்பாடு மாப்ளே.”

இந்தச் சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. ராணுவத்தில் கட்டுப்பாடு என்றால் மேலதிகாரிக்கு அடங்குவது. ஊரில் கட்டுப்பாடு என்றால் ஊர்க் கட்டுப்பாடு. யார் எந்தக் கிணற்றில் இறங்கலாம், யார் யாரைக் கட்டலாம், எந்தத் தெருவில் செருப்போடு போகலாம் என்பது. சீருடை வேட்பாளர் மேடையில் ‘கட்டுப்பாடு வேண்டும்’ என்று முழங்கும்போது, கோவையில் புதிதாக வாக்களிக்கும் நடுத்தர வர்க்க இளைஞனுக்கு முதல் பொருள் கேட்கிறது. பண்ணையக்காரருக்கு இரண்டாவது பொருள் கேட்கிறது. இருவரும் ஒரே நேரத்தில் கைதட்டுகிறார்கள். பழமைவாதத்துக்கு இதைவிட வசதியான சொல் கிடைக்காது.

வீரம் என்ற சொல்லுக்கும் இங்கே இதே கதிதான். ஆங்கிலேயரை எதிர்த்துச் சங்ககிரியில் 1805இல் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலைக்கு ஆடிப் பதினெட்டில் அத்தனை கட்சியும் மாலை போடுகிறது. போடட்டும். அவருடைய படையில் முன்னணியில் நின்றவர் பொல்லான், அருந்ததியர். பகைவர் திட்டத்தைச் செருப்புக்குள் ஒளித்துச் சின்னமலைக்கு அனுப்பினார் என்றும், அதற்காகவே சுட்டுக் கொல்லப்பட்டார் என்றும் எங்கள் மக்கள் வாய்மொழியாகச் சொல்லி வருகிறார்கள். அவருக்கு ஒரு நினைவு மண்டபம் கேட்டு எத்தனை ஆண்டுகள் மனு எழுத வேண்டியிருந்தது! இன்னொரு பக்கம், சின்னமலையின் பெயரைத் தாங்கிய ஒரு சாதிப் பேரவையின் தலைவர்தான், 2015இல் திருச்செங்கோட்டில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்ட கோகுல்ராஜ் வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற யுவராஜ். போர்வீரனின் பெயர் சாதியைக் கழுவிவிடாது. சீருடையும் கழுவாது. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் கவின் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் கைதான இளைஞனின் தாயும் தந்தையும் காவல் உதவி ஆய்வாளர்கள். தந்தையும் கைதானார்.

நம் பக்கத்தையும் பேசிவிட வேண்டும். 2021இல் பாஜகவின் மாநிலத் தலைவராக இருந்தவர் எல். முருகன், அருந்ததியர். அவர் நின்றது தாராபுரம் தனித் தொகுதியில். 1,393 வாக்குகளில் திமுகவின் கயல்விழியிடம் தோற்றார். கட்சித் தலைவருக்கே தனித் தொகுதி, புதிதாக வந்த காக்கிக்குப் பொதுத் தொகுதி. இதைச் சொல்லிப் பாஜகவை மட்டும் கேலி செய்ய எனக்கு மனமில்லை. திராவிடக் கட்சிகள் கொங்கு மண்டலத்தில் எத்தனை அருந்ததியரைப் பொதுத் தொகுதியில் நிறுத்தியிருக்கின்றன? 2024இல் நாமக்கல்லில் திமுக கூட்டணியின் கொமதேக முதலில் அறிவித்த வேட்பாளரை, சாதி வெறிப் பேச்சு வீடியோ வெளிவந்த பிறகுதான் மாற்றினார்கள். வீடியோ வராமல் இருந்திருந்தால்?

சட்டமன்றம் அணிவகுப்பு மைதானம் அல்ல. 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுச் சட்டம் அங்கேதான் நிறைவேறியது. ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் வேண்டுமென்றாலும் அங்கேதான் கை தூக்க வேண்டும். சீருடை வேட்பாளர் உங்கள் தெருவுக்கு வந்தால் எல்லையைப் பற்றிக் கேட்காதீர்கள், அதில் அவர் தேர்ந்தவர். உங்கள் ஊர் எல்லையைப் பற்றிக் கேளுங்கள். பஞ்சமி நிலத்தைப் பற்றி, ஆணவக் கொலைச் சட்டத்துக்கு வாக்களிப்பாரா என்பதைப் பற்றி, கோவை மாநகராட்சியின் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்களைப் பற்றிக் கேளுங்கள்.

மாமா அன்று மேடையில் இருந்து இறங்குவதற்கு முன் வேட்பாளரிடம் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார். சுடுகாட்டுக்குப் பாதை. மழைக்காலத்தில் பிணத்தை வாய்க்காலில் இறங்கித்தான் தூக்கிப் போக வேண்டியிருக்கிறது. வேட்பாளர் அவருக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டாராம். போன ஐப்பசியில் என் பாட்டியையும் அந்த வாய்க்கால் வழியாகத்தான் கொண்டுபோனோம். முன்னால் நெருப்புச் சட்டியோடு இறங்கியவர் மாமா. தண்ணீர் இடுப்பு வரை இருந்தது.