அழைப்பை எண்ணினால் போதுமா?

புகையிலைக்கு அடிமைப்பட்டோரை மீட்பதற்கென 2016-ஆம் ஆண்டில் தில்லி வல்லபாய் பட்டேல் நெஞ்சக நிறுவனத்தில் கட்டணமில்லாத் தொலைபேசி உதவிப்பணி தொடங்கப்பெற்றது. இந்தியும் ஆங்கிலமுமே அதன் தொடக்க மொழிகள். பெங்களூரு முதலிய ஊர்களில் நடுவங்கள் அமைந்து, தமிழ் முதலிய மொழிகளுக்கு வாயில் திறந்தது பின்னரே! 2016–17 கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் அகவை வந்தோருள் 20 விழுக்காட்டினர் புகையிலைக்கு ஆட்பட்டிருந்தனர்.

இப்பணியின் வெற்றியை எதைக்கொண்டு அளப்பது? ஒலித்த அழைப்பெல்லாம் உரையாடலன்று, உரையாடியவரெல்லாம் விட்டொழித்தவருமல்லர். வட அமெரிக்க உதவிப்பணிகள், பதிந்தவரை ஏழு திங்கள் கழித்துத் தேடி, கடந்த முப்பது நாளில் புகையிலையைத் தொட்டதுண்டா என வினவுகின்றன. அங்கும் ஒரு பொறி உண்டு. நூற்றுவருள் மறுமொழி தந்தோர் நாற்பதின்மர், விட்டோர் இருபதின்மர் எனக் கொள்க. ஐம்பது விழுக்காடு வெற்றியென மார்தட்டலாம். நூற்றுவரையும் எண்ணினால் உறுதியானது இருபதே! அறுபதின்மரை மறைப்பது கணக்கன்று, கண்கட்டு.

அழைத்தவர் எம்மொழியில் பேச விழைந்தார், அம்மொழியில் மறுமொழி பெற்றாரா, இடையிலேயே இணைப்பைத் துண்டித்தாரா என்பனவும் ஏட்டில் ஏறவேண்டும். நடுக்கத்தோடும் நாணத்தோடும் உதவி கேட்பவன் தாய்மொழியிலன்றி வேறெம்மொழியில் உளந்திறப்பான்? தமிழில் கேட்டு ஏமாந்து அழைப்பை முறித்தவன் எப்பட்டியலிலும் இல்லையெனில், தமிழ்ப்பணியே வேண்டுவதில்லையென நாளை அப்பட்டியலே பொய்ச்சான்று கூறும்! மொழிதோறும் கணக்கெடுக்க, விட்டவரோடு விடாதவரையும் எண்ணுக, மறையாது வெளியிடுக!