525 மடங்கு என்னும் வெற்றுப்பெருக்கம்

தொடக்கநிலை வானோக்கர்களுக்கென விற்கப்படும் சிறு தொலைநோக்கிகளின் அட்டைப்பெட்டிகளில், ஆண்டுக்கணக்காக ஓர் எழுத்தும் மாறாமல் அச்சாகி வரும் முழக்கம் ஒன்று உண்டு: ‘525 மடங்கு உருப்பெருக்கம்!’ விண்ணில் சுற்றும் தொலைநோக்கி எடுத்த வண்ண அண்டம் ஒன்றின் படமும், அந்தப் பெட்டிக்குள் இருக்கும் கருவிக்கும் அதற்கும் ஏதோ உறவு இருப்பதுபோல, பக்கத்திலேயே இடம்பெறும். எண் பெரிது, ஆகவே கருவி சிறந்தது என்பதற்கு மேல் இம்முழக்கத்தில் வாதம் என்று ஒன்றும் இல்லை. ஆயினும் பெற்றோரும் பள்ளிகளும் பரிசு வாங்குவோரும் தொலைநோக்கியை அளக்க இன்றளவும் இந்த ஒற்றை எண்ணையே கைக்கொள்கின்றனர்.

முதலில் அந்த எண் பிறக்கும் விதத்தைக் காண வேண்டும். தொலைநோக்கியின் முதன்மை ஆடியோ லென்சோ ஒளியைக் குவிக்கும் தொலைவு அதன் குவியத்தூரம் எனப்படும்; அதைக் கண்ணருகு லென்சின் குவியத்தூரத்தால் வகுத்தால் கிடைப்பது உருப்பெருக்கம். கடைகளில் மிகுதியாகக் காணப்படும் 76 மில்லிமீட்டர் ஆடி கொண்ட கருவியின் குவியத்தூரம் 700 மில்லிமீட்டர். உடன் வரும் 4 மில்லிமீட்டர் கண்ணருகு லென்சைப் பொருத்தினால் 175 மடங்கு. அதன் முன்னே, குவியத்தூரத்தை மும்மடங்காக்கும் பார்லோ லென்ஸ் என்னும் துணை லென்சைச் செருகினால் 525 மடங்கு. கணக்கில் பிழையில்லை. 2 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றையும் சேர்த்திருந்தால் 1050 என்றே அச்சிட்டிருக்கலாம். ஏன் விட்டுவிட்டனர் என்பதே வியப்பு.

கணக்கு சொல்லாமல் விட்டது ஒளியின் இயல்பை. ஒளி அலையாகப் பரவுவதால், வட்டமான வாய் ஒன்றின் வழியே நுழையும்போது விளிம்பு விளைவுக்கு உள்ளாகி, விண்மீனின் பிம்பம் ஒரு புள்ளியாக அமையாமல் சிறு தட்டாக விரிகிறது. வாயின் விட்டம் குறையக் குறைய இத்தட்டு பெரிதாகும். அருகருகே உள்ள இரு விண்மீன்களைப் பிரித்துக் காட்டும் ஆற்றலுக்கு, அதாவது பிரிதிறனுக்கு, இதுவே எல்லை வகுக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்து வானோக்கர் வில்லியம் டாவ்ஸ், இரட்டை விண்மீன்களை நோக்கி வகுத்த விதிப்படி, 116ஐ வாயின் விட்டத்தால் (மில்லிமீட்டரில்) வகுத்தால் அந்த எல்லை விகலையில் கிடைக்கும். பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை, கலையில் அறுபதில் ஒரு பங்கு விகலை. 76 மில்லிமீட்டர் ஆடிக்கு இது ஏறத்தாழ 1.5 விகலை. கூர்மையான மனிதக் கண் ஏறக்குறைய ஒரு கலை இடைவெளியைப் பிரித்தறியும் என்பதால், அக்கருவி தரக்கூடிய மிக நுண்ணிய விவரமும் 40 மடங்கிலேயே கண்ணுக்கு எட்டத் தொடங்கி, சிரமமின்றிக் காண 100 முதல் 150 மடங்கு வரை போதுமானதாகிவிடுகிறது. வாயின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து இரண்டால் பெருக்குவதே பயனுள்ள உச்ச உருப்பெருக்கம் என்று வானோக்கர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் விதிக்கும் அடிப்படை இதுவே. அதற்கப்பால் செய்யப்படுவது, ஒரு படி மோரில் ஒரு குடம் நீரை ஊற்றிவிட்டு ஊர்ப்பந்திக்குப் போதும் என்று பெருமை கொள்வதற்கு ஒப்பானது.

நீர்த்துப்போவது உவமையளவில் மட்டுமன்று. ஆடி திரட்டும் ஒளியின் அளவு மாறாதது. அதை அகன்ற பிம்பத்தில் பரப்பும்போது கோள் போன்ற பரப்புடைய பொருளின் பொலிவு, உருப்பெருக்கத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது. 150 மடங்கிலிருந்து 525 மடங்குக்குச் செல்பவர் முன்பு பார்த்த வியாழனை அதன் பொலிவில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கோடு காண்கிறார். கண்ணருகு லென்சிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் குறுக்களவு, வாயின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்த ஈவு. 525 மடங்கில் அது 0.15 மில்லிமீட்டருக்கும் குறைவு. இத்தனை மெல்லிய கற்றையில், பார்ப்பவரின் கண்ணுக்குள்ளேயே மிதக்கும் துகள்களின் நிழல்கள் தெளிவாகத் தெரியத் தொடங்கும். விளம்பரம் வாக்களித்த ‘இதுவரை காணாத காட்சி’ என்பது ஒருவேளை இதுவாகவே இருக்கலாம். தொழில்முறை வானியல் தன் கருவிகளை உருப்பெருக்கத்தால் பெயரிடுவதில்லை என்பதும் நோக்கத்தக்கது: காவலூரில் உள்ள வேணு பாப்பு தொலைநோக்கி 2.3 மீட்டர் தொலைநோக்கி என்றே அறியப்படுகிறது, அது அதன் ஆடியின் விட்டம்.

காற்றுமண்டலத்தின் கொதிப்பும் தாங்கியின் நடுக்கமும் பிம்பத்தோடு சேர்ந்தே பெருகும் என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

கோள்களைக் காண மிகு உருப்பெருக்கம் தேவை என்பது அடுத்த வாதம். 1610 ஜனவரியில் கலிலியோ வியாழனின் துணைக்கோள்களைக் கண்டது ஏறத்தாழ 20 மடங்கு காட்டிய குழலில். சனியின் வளையம் 40 மடங்கிலேயே வளையம் என்று புலப்படும். இதற்கு மாறாக, 525 மடங்கில், 40 பாகைத் தோற்றப்புலம் உள்ள கண்ணருகு லென்ஸ் வானில் காட்டும் வட்டம் 5 கலைக்கும் குறைவானது, முழுநிலவின் விட்டத்தில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. புவி சுழல்வதால் வானம் நொடிக்கு 15 விகலை நகர்கிறது. ஆகவே எந்தக் கோளும் அவ்வட்டத்தை ஏறக்குறைய 18 நொடியில் கடந்துவிடும். அதற்குள் குவியம் திருத்தி, நடுக்கம் அடங்கக் காத்திருந்து, கோளையும் ஆராயும் வல்லமை பத்து வயதுச் சிறுவனுக்கு உண்டென்று விற்பனையாளர் நம்புகிறார் போலும்.

‘மூன்று கண்ணருகு லென்சுகள், பார்லோ, வடிகட்டிகள்: வேறெதுவும் வாங்கத் தேவையில்லை’ என்பது முழக்கத்தின் தம்பி. அந்த லென்சுகளின் குழலில் பொறித்த எழுத்துகளைப் படிப்போர் குறைவு. ‘எச்’ என்பது ஹைகன்ஸ் 17ஆம் நூற்றாண்டில் அமைத்த இருவில்லை வடிவம், ‘எஸ்.ஆர்.’ என்பது ராம்ஸ்டனின் 18ஆம் நூற்றாண்டு வடிவத்தின் வழிவந்தது. நவீனம் என்று விற்கப்படுவது இவ்வளவு பழைமையானது. 1860இல் வியன்னாவின் பிளாசில் அமைத்த நான்கு வில்லை வடிவம், ஏறத்தாழ 50 பாகைத் தோற்றப்புலத்தோடு இன்று மிதமான விலையில் கிடைக்கிறது. அவ்வகையில் 25, 10 மில்லிமீட்டர் லென்சுகள் இரண்டும், இருமடங்கு பார்லோ ஒன்றும் இருந்தால் மேற்சொன்ன கருவியில் 28, 56, 70, 140 என நான்கு உருப்பெருக்கங்கள் அமையும். மூக்குக்கண்ணாடி அணிவோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: பிளாசில் வகையில் கண் நிற்க வேண்டிய தொலைவு குவியத்தூரத்தைவிடக் குறைவாதலால், 4 மில்லிமீட்டர் லென்சில் இமைமயிரே கண்ணாடியைத் தொட்டுவிடும். அத்தகையோருக்கு 15 முதல் 20 மில்லிமீட்டர் இடைவெளி தரும் வேறு வடிவங்களே ஏற்றவை.

பெட்டியோடு வரும் துணியும் ‘ஒவ்வொரு முறையும் துடைக்கவும்’ என்னும் குறிப்பும் மற்றொரு கேடு. லென்சின் மேல் பூசப்படும் மக்னீசியம் ஃபுளோரைடு போன்ற எதிரொளிப்புத் தடுப்புப் படலம் ஒரு மைக்ரோமீட்டரில் ஏறத்தாழ பத்திலொரு பங்கு தடிமனே உடையது. மணல்துகளோடு துணியைத் தேய்ப்பவர் அதைக் கீறுகிறார். சிறிது தூசியால் பிம்பம் கெடுவதில்லை. காற்று ஊதும் ரப்பர்க் குமிழ், பிறகு மென்தூரிகை, விரல்ரேகை படிந்திருந்தால் மட்டும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த லென்ஸ் தாள் என்பதே முறை. திரவத்தை லென்சின் மேல் நேரடியாக ஊற்றலாகாது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் தூசியைவிடப் பெரும்பகை பூஞ்சை: பனி படர்ந்த லென்சை ஈரத்தோடு மூடிவைக்காமல், உலரவிட்டு, சிலிக்கா ஜெல் இட்ட பெட்டியில் வைக்க வேண்டும்.

எள்ளலுக்கு இடமில்லாத துணைப்பொருள் ஒன்று சில பெட்டிகளில் இன்னும் வருகிறது: கண்ணருகு லென்சில் திருகிப் பொருத்தும் கறுப்புக் கண்ணாடி, ‘சூரிய வடிகட்டி’ என்ற பெயரில். ஆடி திரட்டிய சூரிய வெப்பம் முழுவதும் குவியும் இடத்தருகே அமர்வதால், அது முன்னறிவிப்பின்றி விரிசல் விடக்கூடியது. விட்டால் பார்ப்பவரின் விழித்திரை நொடியில் நிலையாகப் பழுதாகும். சூரியனைக் காணும் வடிகட்டி, ஒளி குழலுக்குள் நுழையும் முன்வாயை முழுதும் மூடுவதாக இருக்க வேண்டும்; பக்கத்தில் உள்ள சிறு தேடுகுழலையும் மூடிவைக்க வேண்டும். திருகு வடிகட்டியைப் பெட்டியில் கண்டவர் அதைப் பிறர் கைக்குப் போகாதபடி உடைத்தெறிவதே தகும்.